ஏணியும் அந்தாதியும்: திருச்சதகத் தலைப்புகள் குறித்து ஒரு திறனாய்வு

சைவ சமய இலக்கியத்தைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர் எவரும் படிநிலைகளை ஒதுக்கிவிட்டுப் பாடம் நடத்த இயலாது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என நெறிகள் நான்கு. சாலோகம், சாமீபம், சாரூபம், சாயுச்சியம் என அவற்றின் பேறுகள் நான்கு. நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படங்கல் என உயிரின் நிலைகள் ஐந்து. தத்துவரூபம் தொடங்கிச் சிவபோகம் ஈறாகத் தசகாரியம் பத்து. இவையெல்லாம் எண்ணி எழுத எளியவை. மதிப்பெண் இடுவதற்கு அதனினும் எளியவை. மாணவன் விரல்விட்டு ஒப்பிப்பான்; ஆசிரியர் தலையசைப்பார். இவ்வளவும் எந்தப் பாடலுக்காகச் சொல்லப்பட்டனவோ அந்தப் பாடல் எங்கே போயிற்று என்று கேட்பார் இலர்.

எண்ணுமுறையை இகழ்வது என் நோக்கமன்று. ஆன்மா ஒரே நாளில் அறிவு நிரம்பி எழுவதில்லை; அது மெல்ல மெல்லப் பக்குவம் எய்துகிறது என்பது பாரத நாட்டுச் சமயச் சிந்தனை நெடுகிலும் காணப்படும் கொள்கையாகும். யோகவாசிட்டம் ஞானபூமிகள் ஏழு எனப் பகுத்து, நன்மையை நாடும் விருப்பத்தில் தொடங்கித் துரியத்தில் முடிக்கிறது. பன்னிரண்டே மந்திரங்களால் ஆகிய மாண்டூக்கிய உபநிடதம் நனவு, கனவு, உறக்கம் என்னும் மூன்றைக் கூறி, நான்காவதைப் பெயரிட்டுச் சொல்லாமல் ‘நான்காவது’ என்றே சுட்டிச் செல்கிறது. அந்த நான்காவது, மூன்றன்மேல் வைக்கப்பட்ட இன்னொரு படி அன்று. மூன்றையும் தாங்கி நிற்கும் நிலம் அது. உபநிடதத்தைக் கற்பிப்போர் பலர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர். நம் சித்தாந்த நூல்களில் திருமந்திரம் ஐந்தாந் தந்திரத்திலும், சிவஞான சித்தியார் எட்டாஞ் சூத்திரத்திலும் சரியை முதலிய நால்வகை நெறிகளை விரித்துரைக்கின்றன. தாயுமானவர் இந்நான்கினையும் மொட்டு மலராகி, மலர் காயாகி, காய் பழுப்பதற்கு ஒப்பிட்டார். அவ்வுவமையின் நுட்பத்தை ஒரு கணம் நின்று நோக்குதல் வேண்டும். ஏணியில் ஏறுகின்றவன் கீழ்ப்படியை விட்டுவிட்டு மேற்படியை மிதிக்கிறான். கனியோ மலரை விட்டுவிட்டு வந்ததன்று. மலர்தான் கனியாயிற்று.

படிநிலைப் பட்டியலை இலக்கியத்தின்மேல் ஏற்றும்போது நேரும் முதல் இடர்ப்பாடு நால்வர் திறத்தில் வெளிப்படுகிறது. திருநாவுக்கரசரைச் சரியைக்கும், திருஞானசம்பந்தரைக் கிரியைக்கும், சுந்தரரை யோகத்துக்கும், மாணிக்கவாசகரை ஞானத்துக்கும் உரியவராக வகுத்து, முறையே தாசமார்க்கம், சற்புத்திரமார்க்கம், சகமார்க்கம், சன்மார்க்கம் என்று கூறுவது வழக்கு. ஆண்டான் அடிமை, தந்தை மகன், தோழமை, ஞானம் என்னும் உறவுகளை விளக்க இதைவிடத் தெளிவான முறை வேறு இல்லை. ஆயினும் வகுப்பறையில் இது நான்கு படிகளாக வரையப்பட்டவுடன், உழவாரப்படை ஏந்திய அப்பரடிகள் அடிப்படியில் நிற்கக் காண்கிறோம். திருப்புகலூரில் அவர் புல் செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் பருக்கைக் கற்களோடு கலந்து கிடந்தபோது, கல்லையும் மணியையும் வேறு பிரித்துப் பாராமல் அனைத்தையும் வாரிக் குளத்தில் எறிந்தார் என்று சேக்கிழார் கூறுகிறார். பொன்னையும் ஓட்டையும் ஒப்ப நோக்கும் நிலையைச் சாத்திரங்கள் எந்தப் படியில் வைக்கின்றன என்பதை ஆசிரியர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டுவதில்லை. அந்த நிலையிலும் அவர் கையிலிருந்த படை புல் செதுக்கும் படையே. ஞானசம்பந்தரோ மூன்றாம் அகவையில் சீகாழிக் குளக்கரையில் ஞானப்பால் உண்டவர். அவருக்கு ஞானம் முதலில் வந்தது. கிரியை நெறியெனச் சொல்லப்படும் வாழ்வு அதன் பின்னரே தொடர்ந்தது. ஏணி இங்கே தலைகீழாகிறது.

இவ்விடர்ப்பாட்டை மிகத் தெளிவாகக் காட்டும் நூற்பகுதி திருவாசகத்தில் ஐந்தாவதாக உள்ள திருச்சதகம் ஆகும். நூறு பாடல்கள், பத்துப் பத்தாகப் பத்துப் பதிகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு. மெய்யுணர்தல், அறிவுறுத்தல், சுட்டறுத்தல், ஆன்ம சுத்தி, கைம்மாறு கொடுத்தல், அனுபோக சுத்தி, காருண்யத்து இரங்கல், ஆனந்தத்து அழுந்தல், ஆனந்த பரவசம், ஆனந்தாதீதம் என்பன அவை. இவற்றை வரிசையாகப் படிக்கும் மாணவன் என்ன நினைப்பான்? உண்மையை உணர்ந்து, அறிவு பெற்று, ‘இது’ ‘அது’ எனச் சுட்டும் சிற்றறிவு நீங்கி, தூய்மை எய்தி, ஆனந்தத்தில் மூழ்கி, அந்த ஆனந்தத்தையும் கடந்து சென்ற ஓர் உயிரின் பயண வரலாறு இது என்றே நினைப்பான். உரைகளிலும் மேடைகளிலும் அவ்வாறே விளக்கம் தரப்படுகிறது. திருச்சதகம் முழுவதற்கும் ‘பத்தி வைராக்கிய விசித்திரம்’ என்று பழைய குறிப்பு ஒன்றும் உண்டு. அக்குறிப்பில் உள்ள ‘விசித்திரம்’ என்னும் சொல்லை மட்டும் எவரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஏறுமுகமாகச் செல்லும் பயணத்தில் விசித்திரத்திற்கு இடம் ஏது?

இத்தலைப்புகள் மாணிக்கவாசகரே இட்டவை என்பதற்கு அகச்சான்று இல்லை. பாடல்களுக்குள் அவை ஆளப்படும் முறையும் அவ்வாறு கருதத் தூண்டுவதாக இல்லை. அடிகளின் காலத்தை மறைமலையடிகள் மூன்றாம் நூற்றாண்டுக்குக் கொண்டு சென்றார்; ஆய்வாளர் பலர் ஒன்பதாம் நூற்றாண்டு என்பர். எக்காலம் கொள்ளினும், பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதம் அருளியதற்கு முற்பட்டவர் அவர். ‘ஆன்ம சுத்தி’ என்பதோ தசகாரியத்துள் ஆறாவதாக நின்று, சாத்திர மரபில் வரையறுத்த பொருள் பெற்றுள்ள கலைச்சொல். உண்மைநெறி விளக்கம் என்னும் சிறுநூல் அதனை விளக்கும். ஆதலின் சாத்திரப் பயிற்சி மிக்க பிற்காலச் சான்றோர் ஒருவர், தம் காலத்துக் கலைச்சொற்களைக் கொண்டு நூறு பாடல்களுக்கும் வாயில்கள் அமைத்தார் எனக் கொள்வதே பொருந்தும். வாயில் அமைப்பது தொண்டுதான். ஆனால் வாயிலின்மேல் எழுதிய பெயரைப் படித்துவிட்டு உள்ளே புகாமல் திரும்புகிறவன் வீட்டைக் கண்டவன் ஆகான்.

இனிப் பாடல்களுக்குள் புகுவோம். முதற்பத்து கட்டளைக் கலித்துறையால் ஆனது. தலைப்பு மெய்யுணர்தல், படிவரிசையில் இதுவே தொடக்கம். ஆனால் முதற்பாட்டிலேயே உடல் புளகித்து நடுங்குகிறது, கைகள் தலைமேல் குவிகின்றன, கண்ணீர் பெருகுகிறது, உள்ளம் வெதும்புகிறது, பொய் தானாகக் கழன்றுவிடுகிறது. அடுத்த பாட்டில் இந்திரன், திருமால், நான்முகன் ஆகியோரின் வாழ்வும் வேண்டா. இறைவன் அருள் உண்டாயின் நரகம் புகினும் இகழேன் என்கிறார். ஊரார் தம்மைப் பித்தன் என்று பேசும்படி ஊர் ஊராகத் திரியும் நாள் எந்நாள் என்று ஏங்குவதும் இப்பத்திலேயே வருகிறது. மேலுலக இன்பத்தையும் நரகத் துன்பத்தையும் ஒன்றாகக் கருதும் இருவினையொப்பு நிலை, வரிசையின் முதற்படியிலேயே முழுமையாக நிற்கிறது. இதற்குமேல் ஏறுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும்.

இரண்டாம் பத்தில் நாம் எதிர்பார்ப்பது அறிவு பெற்ற ஒருவனின் அமைதி. நமக்குக் கிடைப்பதோ திடுக்கிடவைக்கும் ஒரு குற்ற ஒப்புதல். உன் அடியாரைப் போல நடித்துக்கொண்டு, அவர்களுக்கு நடுவே நுழைந்து, வீட்டுலகத்தில் புகுந்துவிடப் பெரிதும் விரைகின்றேன் என்கிறார் அடிகள். கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே நுழையப் பார்க்கும் ஒருவனின் படபடப்பு அது. சமய உலகில் நடிப்பு என்பதைத் தமிழில் இதைவிடத் துணிவாக ஒருவர் தம்மேல் ஏற்றிச் சொன்னதாக நான் அறியேன். அதே பத்தில் சில பாடல்கள் தள்ளி, வானும் மண்ணும் காற்றும் ஒளியுமாகி, உள்ளதும் இல்லதுமாகி, யான் எனது என்று கூறிக்கொள்ளும் ஒவ்வொருவரையும் கூத்தாட்டுவிக்கும் இறைவனை எச்சொல்லால் வாழ்த்துவேன் என்று வியக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தல் வேண்டும். தாம் நடிப்பதாகச் சொன்னவர், அந்த நடிப்பையும் ஆட்டுவிப்பவன் ஒருவன் உண்டு என்று காண்கிறார். படிவரிசை இவ்விரு பாடல்களையும் பிரித்து, ஒன்றைக் கீழும் ஒன்றை மேலும் வைக்க முயலும். அடிகள் அவற்றை ஒரே பதிகத்தில், ஒரே யாப்பில் கோத்துவிட்டார்.

தலைப்புகளுக்கு நேர்மை செய்யவும் வேண்டும். சுட்டறுத்தல் என்னும் மூன்றாம் பத்தின் முதற்பாட்டை அத்தலைப்பின் துணைகொண்டு படித்தால் பொருள் ஆழம் பெறுகிறது. உன் திருநாமங்களைக் கேட்ட அளவில் பள்ளத்தில் பாயும் நீரெனப் புரண்டு உருகும் அன்பர்கள் இருக்க, அவர்களை நிறுத்திவிட்டு என்னை ஆண்டாய். எனக்கோ, அடிமுதல் முடிவரை உடம்பு முழுவதும் நெஞ்சாகி உருகவில்லை, உடம்பு முழுவதும் கண்ணாகி வெள்ளம் பாயவில்லை. நெஞ்சு கல், கண்கள் மரம் என்று புலம்புகிறார். உடம்பெல்லாம் கண்ணாதல் என்பது என்ன? காண்பதற்கென ஓர் உறுப்பும் காணாத பிற உறுப்புகளும் என்னும் பிரிவு ஒழிதல். காண்பான், காட்சி, காணப்படும் பொருள் என்னும் பகுப்பை அறுப்பதற்குச் சுட்டறுத்தல் என்று பெயரிட்டவர், இப்பாட்டை ஊன்றிப் படித்தவரே. அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. பாட்டில் அந்நிலை வாய்த்ததாகச் சொல்லப்படவில்லை. வாய்க்கவில்லையே என்றுதான் அழுகை. தலைப்பு பேற்றைச் சொல்கிறது. பாட்டு பேறின்மையைச் சொல்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவே அப்பத்தின் சுவை.

நான்காம் பத்தில் இத்தொலைவு இன்னும் விரிகிறது. சாத்திரப்படி ஆன்ம சுத்தி என்பது, உயிர் தன் செயல் என ஒன்று இன்றி, இறைவன் வசமாய் அடங்கி நிற்றல். அந்தப் பெயரைத் தாங்கிய பதிகத்தின் வாயிலில் அடிகள் தம் நெஞ்சைப் பிணம் என்று வைகிறார். கூத்தன் கழலுக்கு அன்பில்லை, ஆடவில்லை, எலும்பு உருகப் பாடவில்லை, பதைக்கவில்லை, பணியவில்லை, மலர் சூடவில்லை, சூட்டவுமில்லை என்று இல்லைகளை அடுக்குகிறார். தூய்மை எய்திய ஆன்மாவின் பேச்சாக இதைக் கொள்வது எவ்வாறு? நெஞ்சைத் தன்னினின்றும் வேறாக நிறுத்தி வைய முடிகின்ற அந்த விலகலே தூய்மைக்கு அடையாளம் என்று நுண்ணிய விளக்கம் தருவாரும் உளர். அவ்விளக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அது பாட்டிலிருந்து தலைப்புக்குச் சென்ற விளக்கமா, தலைப்பைக் காப்பதற்காகப் பாட்டை வளைத்ததா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் பத்தாகிய கைம்மாறு கொடுத்தலில் ஒரு நகைச்சுவை உண்டு. நம் உரையாசிரியர்கள் பலர் அதனைக் கண்டும் காணாதார்போற் செல்வர். கலிவிருத்தத்தின் சிறிய நான்கு அடிகளில், இரண்டு துதிக்கை உடைய யானையைப் போல நான் இருந்தும் என் உள்ளத்தின் கருப்பொருளைக் கண்டேனில்லை, துன்பத்தையே கண்டேன் என்கிறார். நீயோ வருக என்று அழைத்தாய். எனக்கு அதற்கு ஆற்றல் இல்லை. உண்பதற்கு மட்டும் ஆற்றல் உண்டு என முடிக்கிறார். பேரருளுக்குக் கைம்மாறாக என்ன தரப்போகிறார் என்று எதிர்பார்த்த நமக்கு, உண்ணத்தான் வல்லேன் என்று விடை வருகிறது. இரண்டு கைகொண்டு அள்ளி உண்ணும் யானையின் உருவம் கண்முன் நிற்கிறது. இங்கே ஏணி இல்லை. தன்னைத் தானே எள்ளி நகையாடும் பேரறிவு இருக்கிறது. மாணவர்க்கு இப்பாட்டை விளக்கும்போது முதலில் அவர்கள் சிரிக்க வேண்டும். சிரிக்காத வகுப்பில் இப்பாட்டு நடத்தப்படவில்லை என்றே கொள்வேன்.

ஆறும் ஏழும் ஆகிய பத்துகளைப் பற்றி விரிவாகக் கூறவேண்டிய தேவை இல்லை. ஏழாம் பத்து பெரும்பாலும் போற்றிகளால் நிரம்பியது. உடம்போடு கூடிய வாழ்வைத் தாங்கேன் என்ற முறையீடு அதன் அடிநாதம். எட்டாம் பத்தின் தொடக்கம் மட்டும் தனித்து நோக்கத்தக்கது. ஆனந்தத்தில் அழுந்தியவர் இரண்டறக் கலந்தேன் என்று பாடுவார் என நினைக்கிறோம். அடிகளோ, நீ என்னை ஆண்டு நோக்கியது கூடுதலை ஒத்திருந்தது. இது கூடுதல் அன்று என்றால் உனக்கும் எனக்கும் இடையே என்ன உண்டு. கூடுதலாக இருந்தாலும் இருக்கட்டும், இல்லாவிட்டாலும் போகட்டும், அன்பு மட்டும் உன் கழலிற் பொருந்துக என்னும் கருத்துப்படப் பாடுகிறார். ஒரே சொல்லை அடிதோறும் முதலில் நிறுத்தி, அதன் பொருளை உறுதிசெய்ய மறுக்கும் பாட்டு இது. கலப்பு நிகழ்ந்ததா இல்லையா என்பதே சைவ சித்தாந்திகளும் ஏகான்ம வாதிகளும் நூற்றாண்டுக் கணக்கில் வழக்காடிய பொருள். பாடியவரே அவ்வினாவைத் திறந்து வைத்துவிட்டு அன்பை மட்டும் கேட்கிறார். நாம் நம் குறிப்பேட்டில் ‘எட்டாம் நிலை: ஆனந்தத்தில் அழுந்துதல்’ என எழுதி மூடிவிடுகிறோம்.

ஒன்பதாம் பத்து ஆனந்த பரவசம். அதன் முதற்பாட்டில், பொய்க்கு விதை அழிந்துபோகக் கூடாது என்று கருதித்தான் என்னை இவ்வுலகில் விட்டுவைத்தாய் என்று இறைவன்மேல் குறைகூறுகிறார். உழவன் அடுத்த பருவத்துக்கென விதைநெல்லைக் காத்து வைப்பதுபோல, உலகில் பொய் அற்றுப்போகாமலிருக்கத் தாம் விதையாக வைக்கப்பட்டாராம். அப்பத்தின் இறுதியில் தாமும் பொய், தம் நெஞ்சும் பொய், தம் அன்பும் பொய் என ஒன்றையும் விடாது களைந்துவிட்டு, ஆயினும் அழுதால் உன்னைப் பெறலாமே என்கிறார். பரவசம் என்பதற்குத் தன்வயம் இழத்தல் என்பது பொருள். இங்கே இழக்கப்படுவது தன்னைப் பற்றிய நல்லெண்ணம் முழுவதும். எஞ்சுவது அழுகை ஒன்றே.

பத்தாவதாகிய ஆனந்தாதீதமோ எல்லாவற்றினும் வியப்பு. பேரன்பர்கள் உன் உண்மையை அடைந்துவிட்டனர்; முடிவற்ற நீ எளியனாய் மானுட வடிவில் ஒளியோடு வந்து என்னை நோக்கியும், பிளவுபடாத நெஞ்சினனாய் நின்றேன்; நாயினும் கடைப்பட்ட நான் அடைந்த கீழ்மை இது என்று அப்பத்து தொடங்குகிறது. அடுத்த பாட்டில், குழந்தையின் கையில் இருக்கும் பொற்கிண்ணம்போல உன்னைக் கருதினேனேயன்றிப் பெறற்கரியவனாகக் கருதவில்லை என்கிறார். குழந்தைக்குப் பொன்னும் ஒன்று, மண்ணும் ஒன்று. அதன் அருமை தெரியாமல் வாயில் வைக்கும், கீழே எறியும். அருள் கையில் இருந்தது. அதை அறியும் வயது இல்லாதிருந்தது. இந்த உவமை, ஆனந்தத்தைக் கடந்த நிலையில் நிற்பதாகச் சொல்லப்படும் ஒருவர் வாயிலிருந்து வருகிறது.

இம்முரண்பாட்டைத் தீர்க்க இருவகை விடைகள் மரபாகக் கூறப்படுகின்றன. முதலாவது, அடிகள் தமக்காக அழவில்லை. பக்குவம் பெறாத நம் பொருட்டு, நம் நிலையைத் தம்மேல் ஏற்றிக்கொண்டு அழுதார் என்பது. பெரியோரிடத்துள்ள மதிப்பால் எழுந்த விடை இது. நம் நாட்டுக் கோயில் மண்டபங்களிலும் சொற்பொழிவாளர் பலர் கூறக் கேட்டிருக்கிறேன். ஆனால் இலக்கியத் திறனாய்வில் இது நில்லாது. தமக்கு இல்லாத துயரத்தை உள்ளதுபோலப் பாடினார் என்றால், அதற்கு நடிப்பு என்பதே பெயர். அடியாரைப்போல் நடித்தேன் என்று அவர் வெட்கிச் சொன்னதை, அடியாரல்லாதாரைப்போல் நடித்தார் என்று நாம் மாற்றிவிடுகிறோம். அவரைக் காக்கப் புகுந்து, அவர் அஞ்சிய குற்றத்தையே அவர்மேல் சுமத்துவது முறையாகாது. மேலும், அழுகை பொய்யாயின் அதைப் படித்து உருகும் நம் நெஞ்சின் உருக்கம் எதற்கு நேர்ந்தது?

இரண்டாவது விடை சாத்திர வழிப்பட்டது, வலிமையும் உடையது. ஞானம் பெற்றபின்னும் உடம்பு உள்ளவரை மலத்தின் வாசனை தாக்கும். பெருங்காயத்தை எடுத்துவிட்ட பின்னும் பாத்திரத்தில் மணம் இருப்பதுபோல. அதனாலன்றோ சிவஞானபோதம் பன்னிரண்டாஞ் சூத்திரம், மலம் கழுவிய ஞானியரும் அன்பரோடு கூடி, அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் இறைவன் எனவே தொழுவர் என்று விதிக்கிறது. நூலின் முடிந்த முடிபாக மெய்கண்டார் வைத்தது வழிபாட்டை. ஞானத்தின் உச்சியில் மறுபடியும் சரியை வந்து நிற்கிறது. ஏணியை வகுத்துத் தந்த சாத்திரமே, ஏணியின் உச்சியில் ஏறியவனைத் திரும்பக் கோயில் வாயிலுக்கு அனுப்புகிறது. இதைப் பாடத்தில் சொல்லாமல் நான்கு படிகளை மட்டும் சொல்வது, நூலின் கடைசி ஏட்டைக் கிழித்துவிட்டுப் பாடம் நடத்துவதாகும்.

மூன்றாவதாக ஒன்றை நான் சேர்க்க விரும்புகிறேன். அது அடிகளின் வரலாற்றிலேயே உள்ளது. பெரியபுராணத்தில் இடம்பெறாத அவ்வரலாறு, திருவிளையாடற் புராணத்தாலும் கடவுள் மாமுனிவரின் திருவாதவூரடிகள் புராணத்தாலும் நமக்குக் கிடைக்கிறது. பாண்டியனின் அமைச்சராய்க் குதிரை வாங்கச் சென்றவர், திருப்பெருந்துறையில் குருந்தமரத்தடியில் குருவடிவில் இறைவனைக் கண்டார். ஞானம் அங்கேயே, அப்போதே வாய்த்தது. படிப்படியாக ஏறியதாகப் புராணம் கூறவில்லை. பின்னர் குருநாதர் உடனிருந்த அடியாரோடு மறைந்தார். இவர் மட்டும் தில்லைக்கு வருமாறு பணிக்கப்பட்டுப் பின்தங்கினார். திருவாசகத்தின் பெரும்பகுதி இந்தப் பின்தங்கலின் குரல். அடியார்கள் சென்றனர், நான் நின்றேன் என்னும் ஏக்கம் திருச்சதகத்தில் பத்துக்குப் பத்து திரும்ப வருகிறது. ஆகவே இந்நூறு பாடல்களும் ஞானத்தை நோக்கி ஏறிச் செல்லும் வழியில் பாடப்பட்டவை அல்ல. கண்டபின், கண்டதைக் கண்முன் காணாதபோது பாடப்பட்டவை. தலைப்பிட்ட சான்றோர், பின்னால் நின்று பார்க்கும் பார்வையை முன்னால் செல்லும் பயணமாக மாற்றி அமைத்துவிட்டார். ஒருமுறையும் பெறாதவனின் ஏக்கத்துக்கும், பெற்று இழந்தவனின் ஏக்கத்துக்கும் வேறுபாடு உண்டு. பொற்கிண்ண உவமை பெற்றவன் மட்டுமே சொல்லக்கூடியது.

ஆசிரியர்களாகிய நமக்கு ஏணி பிடித்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் தொழிலே படிகளால் ஆனது. ஆண்டு ஒன்றிலிருந்து ஆண்டு ஆறுவரை மாணவர் ஏறுகின்றனர். தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு, எளியதிலிருந்து அரியதற்கு என்று பயிற்சிக் கல்லூரியில் நமக்குச் சொல்லித் தந்தனர். நன்றாகவே சொல்லித் தந்தனர். ஆனால் ஆறாம் ஆண்டு மாணவன் கட்டுரை எழுதும்போது, முதலாம் ஆண்டில் கற்ற அகரத்தைக் கைவிட்டா எழுதுகிறான்? ஒவ்வொரு வரியிலும் அதனை எழுதிக்கொண்டேதான் இருக்கிறான். இடைநிலைப் பள்ளியில் இலக்கியம் கற்பிக்கும் அன்பர்களுக்கு ஒன்று கூறுவேன். தலைப்புகளை மறைத்துவிட்டு, பத்துப் பதிகங்களின் முதற்பாடல்களை மட்டும் கலைத்து மாணவர் கையில் தந்து, எது முந்தியது எது பிந்தியது என்று அடுக்கச் சொல்லிப் பாருங்கள். முதற்பத்தின் முதற்பாட்டைத் தூக்கிக் கடைசியில் வைப்பவர் பலராக இருப்பர். அவ்வாறு வைப்பதற்கு அவர்கள் தரும் காரணங்களைக் கரும்பலகையில் எழுதினால், அன்றைய பாடம் நடந்துவிட்டது.

இனி யாப்புக்கு வருவோம். ஏனெனில் அடிகள் தம் கருத்தைத் தலைப்பால் அன்று, யாப்பால் கூறியிருக்கிறார். திருச்சதகம் நூறு பாடலும் அந்தாதித் தொடையால் கோக்கப்பட்டது. பதிகந்தோறும் தலைப்பு மாறுகிறது. ஆனால் ஒரு பதிகத்தின் ஈற்றுச்சொல் அடுத்த பதிகத்தின் முதற்சொல்லாகி, தலைப்பு எழுப்பிய சுவரைக் கடந்துசெல்கிறது. ஆனந்த பரவசத்துக்கும் ஆனந்தாதீதத்துக்கும் இடையே உள்ள எல்லையில், உன்னை வந்து அடையும் ஆற்றை அருள்வாய் என்ற வேண்டுகோளின் ஈற்றொலியே, மாறுதல் இல்லாத கருணை வெள்ளத்தின் தொடக்கமாகிறது. நூறாம் பாட்டின் இறுதியோ மெய்யனே என்று முடிந்து, மெய் என்று தொடங்கும் முதற்பாட்டைத் தொட்டுக்கொள்கிறது. இதனை மண்டலித்தல் என்பர் யாப்பிலக்கணம் வல்லார். மாலையின் இரு முனைகளையும் முடிந்துவிட்டால் எந்த மலர் முதல், எந்த மலர் கடை என்று சொல்ல முடியாது. முதற்பாட்டின் மெய் உடம்பைக் குறிப்பது. கடைசிப் பாட்டின் மெய் உண்மையைக் குறிப்பது. உண்மையாகிய மெய்யில் வந்து முடிந்தவர், அங்கே தங்காமல், நடுங்கிப் புளகிக்கும் இந்த ஊன் உடம்பாகிய மெய்க்கே திரும்ப வேண்டியிருக்கிறது.

ஆனந்தத்தைக் கடந்த பத்தாம் பதிகத்தின் அந்த இறுதிப் பாட்டில் அவர் கேட்பவை எவை? உன்னைப் பாட வேண்டும். பாடி நைந்து உருகி நெகிழ்ந்து ஆட வேண்டும். அம்பலத்து ஆடும் உன் கழலைக் கூட வேண்டும். புழுக்கூடாகிய இவ்வுடம்பை நீக்கி, பொய் எல்லாம் ஒழியுமாறு செய்து வீடு தர வேண்டும். வீடு இக்கோரிக்கைகளின் கடைசியில் நிற்கிறது. முன்னே நிற்பவை பாடலும் ஆடலும். நான்காம் பத்தில் பிணநெஞ்சை வைதபோது இல்லை இல்லை என்று அடுக்கிய அதே ஆடலும் பாடலும் இவை. அறுபது பாடல்களுக்கு மேல் கடந்து வந்தபின்னும் அந்த இல்லாமை தீர்ந்துவிட்டதாக அவர் சொல்லவில்லை. அதனை வேண்டுதலாக மட்டும் மாற்றியிருக்கிறார். அந்த வேண்டுதல் முடிந்த சொல்லைப் பற்றிக்கொண்டு மீண்டும் முதற்பாட்டைத் தொடங்கினால், அங்கே உடல் நடுங்குகிறது, கண்ணீர் அரும்புகிறது, கை தலைமேல் ஏறுகிறது, நாவில் போற்றி பிறக்கிறது.